‘வாய்வுதான்’ என்பதற்கு முன்: நெஞ்சு, மூச்சு, நாடி, கால் – அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று குடியிருப்பது வயதான இரண்டு பேர்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சை அடைத்தால் முதல் முடிவை எடுப்பது பக்கத்து வீட்டு ஆச்சியோ, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரோ, போனில் இருக்கும் மகளோதான். அந்த முடிவை எடுக்கப்போகிறவருக்காக எழுதியது இது. டாக்டர் வேலையை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. எது இப்போதே கிளம்ப வேண்டியது, எது நாளைக் காலைவரை பொறுக்கும், எது மாத்திரையின் கோளாறு என்று பிரித்துவிட்டால் போதும்.

“எங்கே வலிக்குது?” என்று ஆரம்பிக்காதீர்கள். “என்ன செய்யும்போது வருது, என்ன செய்தா போகுது?” என்று கேளுங்கள். இடத்தை வைத்துப் பார்த்தால் நெஞ்சும் இரைப்பையும் ஒன்றையொன்று ஏமாற்றும். வந்து போகும் விதம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இந்தக் கேள்விதான் சாவி.

ஓட்டம் எப்படி ஓடுகிறது

இதயத்தை ஒரே மோட்டார் என்று நினைக்காதீர்கள். ஒரே உறைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மோட்டார் அது. உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்குத் தள்ளுகிறது. நுரையீரலில் காற்று ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை இடது பக்கம் வாங்கி உடம்புக்குத் தள்ளுகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் வலது மோட்டாருக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை அனுப்ப வேண்டிய இடது மோட்டாருக்கு 120 தேவை. இடது கீழறைச் சுவர் தடித்திருப்பது அதனால்தான்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் மேலே ஒரு வாங்கும் அறை, கீழே ஒரு தள்ளும் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு, வெளியேறும் வாயில் இன்னொரு வால்வு. ஆக நாலு அறை, நாலு வால்வு. கிணற்று மோட்டாரின் புட்வால்வு செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன: ஏறியது திரும்பி இறங்காமல் பிடித்துக்கொள்வது. மருத்துவர் குழாய் வைத்துக் கேட்கும் ‘லப்-டப்’ இந்தக் கதவுகள் மூடும் சத்தம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மொத்தச் சரக்கும் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது.

கரண்ட் வெளியிலிருந்து வருவதில்லை. வலது மேலறையின் மூலையில் ஒரு சிறு முடிச்சு தானாகவே மின்துடிப்பைக் கிளப்புகிறது. நடுவில் இன்னொரு முடிச்சு அதை நொடியில் பத்தில் ஒரு பங்கு நிறுத்திவைத்துக் கீழே விடுகிறது. மேலறை தன் ரத்தத்தை இறக்கி முடித்த பிறகே கீழறை அழுத்த வேண்டும் என்பதற்காக அந்தத் தாமதம்.

இனி வருவதுதான் நெஞ்சுவலியைப் புரிந்துகொள்ளத் தேவை. இதயத் தசைக்கு ரத்தம் தருகிற குழாய்கள் இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. இடது பக்கம் ஒரு குழாய் கிளம்பி உடனே இரண்டாகப் பிரிகிறது, வலது பக்கம் ஒன்று. இடது தசை இறுகும்போது தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. அதனால் அதற்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான். வேகமாக நடந்தால் துடிப்பு கூடுகிறது, தளரும் நேரம் குறைகிறது, தேவையோ ஏறுகிறது. குழாய் நன்றாக இருந்தால் அது விரிந்து சமாளிக்கும். சுமார் 70 சதவீதம் அடைத்த குழாயால் முடியாது. நடந்தால் வந்து நின்றால் போகும் வலிக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

முதலில் பார்க்க வேண்டிய நாலு அளவு

பேச்சோடு இருப்பவரிடம் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்ததை நேரத்தோடு எழுதிவையுங்கள்.

நாடி: கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து எண்ணுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள். அதில் உங்கள் நாடியே தட்டும். தாளம் சீராக இருந்தால் 30 நொடி எண்ணி இரட்டியுங்கள், தாறுமாறாக இருந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்கலாம்.

மூச்சு: அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும், தெரிந்தால் மாற்றிவிடுவார். நிமிடத்துக்கு 12 முதல் 20. பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அதுவே அவசரம்.

பிபி: அளக்கும் முறை கடைசியில் இருக்கிறது. தப்பாக அளந்த பிபி, அளக்காததைவிட மோசம்.

கால்: முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் 95-க்கு மேல் சரி. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது பொய் சொல்லும். தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மறுபடி பாருங்கள்.

“மாரை அடைக்குது”

இந்த ஊரில் நெஞ்சு அடைத்தால் முதலில் வருவது ஓமத்தண்ணீர், அடுத்து சோடா, அதற்கடுத்து ‘கேஸ் மாத்திரை’. ஒரு ஏப்பம் வந்துவிட்டால் “பாத்தியா, வாய்வுதான்” என்று தீர்ப்பு. மாரடைப்பிலும் ஏப்பம் வரும், குமட்டலும் வரும். ஜெலுசில் குடித்துக் கொஞ்சம் தேவலை என்பதும் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இப்படிப் பிரியுங்கள்.

நடந்தால், மச்சுப்படி ஏறினால், கனம் தூக்கினால் வருகிறது. நின்றால் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில், அதிகம் போனால் பத்தில், அடங்குகிறது. இது இதயம். வலி என்றே சொல்ல மாட்டார்கள். பாரம், இறுக்கம், எரிச்சல், “யாரோ ஏறி உக்காந்த மாதிரி” என்பார்கள். ஒரு விரலால் காட்டாமல் உள்ளங்கையையோ முட்டியையோ நடு நெஞ்சில் வைப்பார்கள். தாடைக்கும் இடது தோளுக்கும், சில சமயம் இரண்டு கைக்கும் பரவும்.

விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் வருகிறது. எல்லாரும் வாய்வு என்று சொல்லி ஏமாறுவது இங்கேதான். கல்யாணப் பந்தியில் இருபது வகை இறங்கியதும் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போக வேண்டும், இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் நடையும் சேர்ந்தால் அடைத்த குழாய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் வந்ததா என்பதைவிட, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாலும் வருகிறதா, நடந்தால் மட்டும் வருகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். நடந்தால் மட்டும் என்றால் அது இதயம் என்றே வைத்துக்கொண்டு அந்த வாரமே ஈசிஜி எடுத்து மருத்துவரைப் பாருங்கள்.

படுத்தால் எரிச்சல் தொண்டைவரை ஏறுகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது, வாயில் புளிப்பு, நடந்தால் ஒன்றுமில்லை என்றால் இரைப்பை அமிலம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம், அழுத்தினால் அதே வலி, திரும்பினால் சுரீர் என்கிறது என்றால் தசை அல்லது விலா. ஊசி குத்துவதுபோல் இரண்டு நொடி வந்து போவதும் பெரும்பாலும் இதயம் இல்லை.

இந்தப் பிரிப்பு எல்லாம் வந்து வந்து போகும் வலிக்கு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பிரித்துக்கொண்டிருக்காமல் 108 அழையுங்கள்: ஓய்வில் இருக்கும்போதே வந்து 15 நிமிடம் தாண்டியும் நிற்கிறது, குளிர் வியர்வை வேட்டியை நனைக்கிறது, முகம் வெளுத்துவிட்டது, முன்பு கோயில்வரை நடந்தால் வந்தது இப்போது முற்றம் தாண்டுவதற்குள் வருகிறது, தொப்புளுக்கு மேலே அடைப்போடு வாந்தியும் ஐம்பதுக்குக் கீழே நாடியும் சேர்ந்து வருகிறது. கடைசியில் சொன்னது பெரும்பாலும் வலது குழாய் அடைப்பு. இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தத் தசை சாகும்போது வயிற்றுவலி போலவே இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள், வயதான பெண்கள் பலருக்கு வலியே இருக்காது. திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, “ஒடம்பே ஒடுங்கிப் போச்சு” என்ற அசதி, அவ்வளவுதான். அப்பத்தா வலிக்கவில்லை என்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள்.

108 வரும்வரை

1. இருந்த இடத்தில் உட்கார வையுங்கள். சுவரில் முதுகு சாய, முழங்கால் மடக்கி. நடக்கக் கூடாது, கொல்லைப்பக்கம் போய் வருகிறேன் என்றாலும் கூடாது.

2. 108-க்குச் சொல்லும்போது “நெஞ்சுவலி, வியர்வை, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது” என்று சொல்லுங்கள். இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. எந்தத் தெருக் கதவு என்பதைச் சொல்லி, அந்தக் கதவைத் திறந்து, முகப்பு விளக்கைப் போட்டு, ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். நோயாளி இரண்டாங்கட்டில் இருந்தால் நடுவில் உள்ள கதவுகளையும் திறந்துவைத்து, ஸ்ட்ரெச்சர் வரும் வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்திவையுங்கள்.

3. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்கச் சொல்லுங்கள். அப்படியே முழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்த வாந்தி அல்லது கறுப்பு மலம், சமீபத்தில் மூளை ரத்தக்கசிவு இருந்தால் கொடுக்காதீர்கள். வலியோடு ஒரு பக்கம் கைகால் விழுந்தாலும், முதுகைக் கிழிப்பதுபோல் திடீர் வலி என்றாலும் வேண்டாம்; அது பெருந்தமனி கிழிவாக இருக்கலாம்.

4. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும். உட்கார்ந்தபடி 5 மில்லிகிராம் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அதிகபட்சம் மூன்று. மேல் பிபி 100-க்குக் கீழே இருந்தாலோ, நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ கூடாது. வலது குழாய் அடைப்பில் இதைக் கொடுத்தால் பிபி சரிந்து ஆளே விழுந்துவிடுவார். ஆண்மைக்கான சில்டெனாபில் மாத்திரை 24 மணி நேரத்துக்குள், டடாலாபில் 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தாலும் கூடாது. வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள்.

5. சோடா, காபி, சாப்பாடு எதுவும் வேண்டாம்.

பலமாக இருமினால் மாரடைப்பை நிறுத்தலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். வீட்டில் இருமிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

எங்கே கொண்டுபோவது? முதல் ஈசிஜி வாசலைத் தாண்டிய 10 நிமிடத்தில் எடுக்கப்பட வேண்டும். ஈசிஜி இல்லாத கிளினிக்கில் நிறுத்தாதீர்கள். பலூன் வைத்து அடைப்பை எடுக்கும் வசதி பக்கத்தில் கிடைக்காவிட்டால், மதுரையோ திருச்சியோ காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஏற்றி இறக்கி, சம்மதம் எழுதி, மேசையில் படுக்க வைப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அவ்வளவு தாமதமாகும் இடத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே அரை மணிக்குள் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவதுதான் முறை. “ஊசி வேணாம், நேரா மதுரைக்கே போயிருவோம்” என்று சொந்தக்காரர்கள் வாசலில் வாதாடும் நேரத்தில் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அடைத்த முதல் அரை மணியிலேயே சாவு தொடங்கி, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஊசிக்கு 12 மணி நேரம்வரை கெடு உண்டு என்றாலும், முதல் மூன்று மணிக்குள் போட்டால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. மூளை ரத்தக்கசிவு, சமீபத்திய அறுவை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, இந்த மூன்றையும் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும்தான் என்றாலும் அங்கே போவது வீண் அல்ல. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரல் 4, 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் 8 என முதல் தவணையாகப் பதினான்கு மாத்திரை அங்கேயே தருகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். அடைப்பு தொடங்கிய புதிதில் அது சுத்தமாகவே இருக்கலாம். வலி நிற்காவிட்டால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் ஏற மூன்று மணி நேரம்போல் ஆகும். “போன மாசம்தான் டிரெட்மில் பாத்தோம், நல்லா இருந்துச்சு” என்பதும் பதில் ஆகாது. டிரெட்மில் காட்டுவது குறுகிய குழாயை. மாரடைப்பு பல நேரம் பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது.

ஆள் சரிந்துவிட்டார், பதில் இல்லை

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது மீன்போல் வாயைத் திறந்து எப்போதாவது இழுக்கிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது. அந்த இழுப்பை மூச்சு என்று எண்ணித்தான் பலர் காத்திருக்கிறார்கள்.

கயிற்றுக் கட்டிலிலிருந்தும் மெத்தையிலிருந்தும் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான் சரி. நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கைக் குதி, அதன் மேல் மற்றொரு கை, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே எழ விடுங்கள். இதயம் நிறைவது அப்போதுதான். பயிற்சி இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இல்லையென்றால் அழுத்தம் மட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது, களைத்தது அவருக்கே தெரியாது. விலா முறிந்த சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டாம்.

“படுத்தா மூச்சு முட்டுது, காலு வீங்கிருச்சு”

இடது மோட்டார் தளர்ந்தால் ரத்தம் நுரையீரலில் தேங்கும். படுத்தால் காலில் இருந்த நீரும் மேலே வந்து சேர்ந்துகொள்ளும். எத்தனை தலையணை என்று கேளுங்கள். ஒன்று இரண்டாகி மூன்றானால், தூங்கி இரண்டு மணி நேரத்தில் எழுந்து ஜன்னலைத் திறக்க ஓடினால், அது இதயத் தளர்ச்சி. வலது பக்கம் தளர்ந்தால் கால், பிறகு வயிறு வீங்கும். எக்கோ ஸ்கேனில் இதயம் தள்ளும் சதவீதம் பார்ப்பார்கள்: ஒரு துடிப்பில் 55 முதல் 70 சதவீதம் வெளியேற வேண்டும். நூறு இல்லையே என்று பயப்படாதீர்கள். யாருக்கும் நூறு கிடையாது.

ஏற்கெனவே தளர்ச்சி உள்ளவர் காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். ஏன் ஏறியது என்று தேடினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று அகப்படும். நீர் பிரியும் மாத்திரையை ‘ஊருக்குப் போறோம், பஸ்ல ஒண்ணுக்கு வரும்’ என்று நிறுத்தியிருப்பார். முட்டிவலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டிருப்பார். அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். மூன்றாவது உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, மொத்தச் சமையலுக்கும் சேர்த்து. மோர்மிளகாய், அப்பளம், வற்றல், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் என்று தட்டில் சுற்றி இருப்பதைக் கூட்டிப் பார்த்தால் குழம்பில் உப்பைக் குறைத்து லாபமில்லை. உப்புக்குப் பதில் என்று விற்கும் பொட்டாசியம் உப்பையும் நீங்களாக வாங்காதீர்கள். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிபி, இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் கெட்டவருக்குத் தினம் இளநீர் கொடுப்பதும் இதே கணக்குதான்.

எல்லாக் கால் வீக்கமும் இதயம் அல்ல. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்கி, மூச்சும் எடையும் சரியாக இருந்தால் மாத்திரையைச் சந்தேகியுங்கள். நீர் மாத்திரை கொடுத்தாலும் அந்த வீக்கம் சரியாக இறங்காது. மருந்தை மாற்றினால் இறங்கும். ராமிப்ரில், எனாலாப்ரில் சாப்பிடுகிறவருக்குத் தொண்டை அரிக்கும் வறட்டு இருமலும் இப்படித்தான். அதற்கு ஆடாதொடைக் கஷாயம் குடித்துப் பயனில்லை, மருந்தை மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

இளம் சிவப்பு நுரையோடு சளி, படுக்கவே முடியவில்லை, உதடு நீலம் என்றால் நேராக உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு 108. படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

“படபடங்குது”

நாடியைப் பிடியுங்கள், பேச்சைப் பிறகு கேட்கலாம்.

சீராக 100 முதல் 130, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது: காய்ச்சல், நீர்க்குறைவு, ரத்தசோகை, தைராய்டு, பயம், நாலாவது டம்ளர் காபி. மூல காரணத்தைத் தேடுங்கள். இதயம் இங்கே வேலைக்காரன்தான்.

நடுவில் ஒன்று விட்டு, அடுத்தது ‘தொம்’ என்று அடிக்கிறது: முந்திக்கொண்ட துடிப்பு. ஓய்வில் வந்து நடந்தால் மறைந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. நடக்க நடக்கக் கூடினால் காட்ட வேண்டும்.

சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி, 150 முதல் 200 வரை சீராக ஓடி, சுவிட்ச் அணைத்ததுபோல் நிற்கிறது: மின்பாதையில் குறுக்கு வழி. மருத்துவர் இன்னதென்று சொல்லியிருந்தால், சாய்ந்து உட்கார்ந்து 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய்வைத்து 15 நொடி பலமாக ஊதி, உடனே மல்லாந்து படுத்து, மற்றவர் காலை 45 டிகிரி தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் இதைச் செய்து பார்க்க நேரமில்லை.

எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் தாறுமாறாக ஓடுகிறது: மேலறை நடுக்கம். அதில் ரத்தம் தேங்கி, இடது மேலறையின் ஒரு பையில் உறைந்து, கட்டி மூளைக்குப் போகலாம்; பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு. இதற்கு ஆஸ்பிரின் போதாது, உறையாமைக்கான மருந்து வேண்டும். வார்பாரின் என்றால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையை ஒதுக்கச் சொல்வது பாதி உண்மை: ஒரு வாரம் தினமும், ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் என்று மாற்றுவதுதான் கெடுக்கும். வாரத்துக்கு ஒரே அளவு சாப்பிடுங்கள்.

வாய் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. இங்கே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஸ்கேன் பார்க்குமுன் அடைப்பா கசிவா என்று யாருக்கும் தெரியாது.

“எந்திரிச்சா கிறுகிறுங்குது”

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. குழாய்கள் உடனே சுருங்கி ஈடுகட்ட வேண்டும். படுத்திருக்கும்போது ஒன்று, நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒன்று என்று பிபி அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. பிபி மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நீர் மாத்திரை, பழைய சர்க்கரை நோய், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காதது என்று தேடுங்கள்.

குன்றக்குடி பங்குனி உத்திரத்திலும் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தித் தேரிலும் விரதத்தோடு நெரிசலில் நின்று மயங்குகிறவர்களுக்கு முதலில் வியர்வை, குமட்டல், கண் இருட்டல் என்று எச்சரிக்கை வரும். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் ஒரு நிமிடத்தில் தெளியும். சுற்றி நின்று தூக்கி உட்கார வைப்பதுதான் நாம் செய்யும் தவறு. எச்சரிக்கையே இல்லாமல் விழுந்தவர், நடக்கும்போதே விழுந்தவர், படுத்திருக்கும்போது நினைவு போனவர், இந்த மூவரும் வேறு கணக்கு. வால்வு சுருக்கமோ மின்தடையோ இருக்கலாம், அன்றே ஈசிஜி.

“நடந்தா கெண்டைக்கால் இழுக்குது”

மறுபடியும் அதே சாவி. இத்தனை தூரம் நடந்தால் இழுக்கிறது, சும்மா நின்றால் ஐந்து நிமிடத்தில் போகிறது, மறுபடி அதே தூரத்தில் வருகிறது: தமனி அடைப்பு. நெஞ்சில் நடப்பதேதான் காலிலும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை கிளம்புமுன் இப்படி இருந்தால், கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரையும் இருந்தால் கொப்புளம் ஆறாது, வெறுங்கால் நடை வேண்டாம். நின்றால் போகாமல், குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் போகிறது என்றால் அது முதுகெலும்பின் வேலை.

நின்றால் கனக்கிறது, சாயங்காலம் கூடுகிறது, காலைத் தூக்கி வைத்தால் குறைகிறது: சிரைகள். காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைத்தசை, நடுவில் வால்வுகள். அடுப்படியில் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரர்களுக்கு அந்தத் தசை வேலையே செய்வதில்லை. அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்கச் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டை வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். ஆழ்சிரையில் கட்டி இருந்தால் நீவிய கையே அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடும். முழங்கால் கீழ் மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே நாடாவால் இரண்டு காலின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே டாப்ளர் ஸ்கேன். சமீபத்தில் அறுவை, எலும்பு முறிவு, பிரசவம், நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் இருந்தால் சந்தேகம் கூடும்.

பிபி ஏறியே காட்டுகிறது

மாத்திரையைக் கூட்டுமுன் அளந்த விதத்தைத் திருத்துங்கள். திண்ணையில் கால் தொங்க உட்கார்ந்து, கை மடியில் கிடக்க, பேசிக்கொண்டே அளந்தால் ஒவ்வொன்றுக்கும் சில புள்ளி ஏறும். முதுகு சாயும் நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் வேண்டாம். கை மேசை மேல், பட்டை இதய மட்டத்தில், வெறும் தோலின் மேல். அரை மணிக்கு முன்பே காபி, வெற்றிலைப் புகையிலை நிறுத்தம். சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையைச் சுற்றி 80 சதவீதம் வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிபி வரும். முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே இனி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன், இரவில் ஒன்று என ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உண்மையிலேயே ஏற்றம். மருத்துவமனையில் அந்தக் கோடு 140/90. 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழறல் இருந்தால் 108. அந்த எண் மட்டும், வேறு தொந்தரவு ஒன்றுமில்லை என்றால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்து, குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்குக்கு அடியில் நிபெடிபின் வைத்துச் சட்டென்று இறக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். வேகமாக இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்து பக்கவாதமே வரலாம்.

அந்த ஏழு நாள் தாள், பழைய ஈசிஜி, மாத்திரைப் பட்டியல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகல், இந்த நாலையும் ஒரே உறையில் போட்டு, முகப்புக் கதவுக்குப் பின்னால் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிடுங்கள். பீரோவுக்குள் வைத்தால் சாவி ஆச்சியின் இடுப்பில் ஆம்புலன்ஸ் ஏறிப் போய்விடும்.